ஆளுநர் கையொப்பமிடும் வரை

தெகிவளையில் ஒரு கோடி ரூபாய்க்குக் காணித்துண்டு ஒன்றை வாங்குபவர், உறுதி முடிப்பதற்காகப் புதுக்கடையில் உள்ள நொத்தாரிசின் அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொத்தாரிசு ஒரு தாளை எடுத்து, முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதப்படி 3,000 ரூபாய் என்றும், மிகுதி 99 இலட்சத்துக்கு 4 வீதப்படி 396,000 ரூபாய் என்றும் எழுதி, கீழே கோடிழுத்து, முத்திரைத் தீர்வை 399,000 ரூபாய் என்று காட்டுவார். அந்தப் பணம் மேல் மாகாணத்தின் இறைவரியாகச் சேர்கிறது. முச்சக்கர வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரமும், காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்கத் தனியார் பேருந்துக்கான வழித்தட அனுமதியும் அதே மாகாணத்தின் அதிகாரத்தால் வழங்கப்படுபவை.

வரி அறவிடவும் அனுமதி வழங்கவும் மாகாணத்துக்கு உரிமை தருவது, மாகாண சபை ஆக்கிய நியதிச்சட்டம். மேற்சொன்ன தீர்வைக்கு அடிப்படையாக இருப்பது மேல் மாகாண சபையின் 1990 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதி நியதிச்சட்டம். சபையில் உறுப்பினர்கள் கையுயர்த்தி நிறைவேற்றியவுடனேயே ஒரு நியதிச்சட்டம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. அது ஆளுநரின் மேசைக்குப் போக வேண்டும். அவர் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட்ட பின்னரே அதற்கு உயிர் வருகிறது. சபை நிறைவேற்றிய நாளுக்கும் ஆளுநர் கையொப்பமிடும் நாளுக்கும் இடைப்பட்ட அந்தக் காத்திருப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்வி. வெள்ளவத்தையில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் மாலையில் தமிழகச் செய்திகள் ஓடும். ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் தரவில்லை என்ற செய்தி நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த காலத்தில் மாமா கேட்டார்: “எங்கட ஆளுநரும் இப்பிடிக் கையெழுத்துப் போடாமல் வைச்சுக்கொண்டிருக்கலாமோ?” நான் உடனே “ஓம்” என்று சொல்லிவிட்டேன். பிறகு அரசியலமைப்பை எடுத்து வாசித்தபோதுதான், என் விடை பாதி மட்டுமே சரி என்பது விளங்கியது. எஞ்சிய பாதியை அவருக்கு விளக்க முயன்றதே பின்னர் இந்த விளக்கமாக வளர்ந்தது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் தமிழகச் செய்தியையும் எமது செய்தியையும் சேர்த்து வாசிப்பவருக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அங்கே மசோதா என்பதை நாம் சட்டமூலம் என்கிறோம். அங்கே உச்ச நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்பது மாநில மட்டத்தில் உள்ளது. நாமோ நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தையே உயர் நீதிமன்றம் என்கிறோம். பாராளுமன்றம் ஆக்குவது சட்டம். மாகாண சபை ஆக்குவது நியதிச்சட்டம். வீட்டோ என்பது இலத்தீன் மொழியில் ‘நான் தடுக்கிறேன்’ என்று பொருள்படும் சொல். சட்டசபை நிறைவேற்றியதை ஒருவர் தனது மறுப்பினால் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அது குறிக்கிறது.

பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டமூலங்களுக்கு ஜனாதிபதியே கையொப்பமிடுகிறார் என்று கொழும்பிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி, பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமூலம் சபாநாயகர் அதில் தமது சான்றுரையை எழுதிக் கையொப்பமிடும்போது சட்டமாகிறது. மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டு அங்கீகாரம் பெற்ற சட்டமூலத்துக்கு மட்டுமே ஜனாதிபதியின் சான்றுரை தேவைப்படுகிறது. ஆகவே நிறைவேற்று அதிகாரம் மிகுந்தவர் என்று நாம் சொல்லும் ஜனாதிபதிக்குக்கூடப் பாராளுமன்றத்தின் சாதாரண சட்டமூலத்தைக் கையொப்பமிடாமல் தடுத்து நிறுத்தும் வழி இல்லை. ஆனால் அவர் நியமிக்கும் ஆளுநரின் கையொப்பம் இல்லாமல் மாகாணத்தின் எந்த நியதிச்சட்டமும் நடைமுறைக்கு வர முடியாது. இந்த ஏற்பாட்டின் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும்.

1987 ஜூலை 29 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட இந்திய–இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில், மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. அதனோடு சேர்ந்து 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தது. எந்தெந்த விடயங்களில் மாகாண சபை நியதிச்சட்டம் ஆக்கலாம் என்பதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை நிரல்படுத்துகிறது. ஆக்கியதற்குச் சம்மதம் பெறும் முறையை, பேச்சு வழக்கில் 154எச் என்று சொல்லப்படும் உறுப்புரை கூறுகிறது. அந்த உறுப்புரை நான்கு பந்திகளே கொண்டது. ஆறுதலாக இருந்து ஒருமுறை வாசித்தால் விளங்கிவிடும். அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வது மாகாணத்துக்குரிய விடயங்களுள் ஒன்று. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் கீழ்மாடியில் முப்பது பிள்ளைகளுடன் நடக்கும் முன்பள்ளிக்கும், பெரிய கட்டடத்தில் நடக்கும் முன்பள்ளிக்கும் ஒரே ஒழுங்கு வேண்டும் என்று மேல் மாகாண சபை கருதி, எல்லா முன்பள்ளிகளும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்று ஒரு நியதிச்சட்டத்தை நிறைவேற்றுவதாகக் கொள்வோம். இது வெறும் கற்பனை உதாரணம். நிறைவேறிய உடனே அது ஆளுநரிடம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். அவ்வேளை ஆளுநருக்கு முன்னால் இரண்டு வழிகளே உண்டு. சம்மதம் அளிக்கலாம், அல்லது, இந்த நியதிச்சட்டத்தையோ அதன் ஒரு குறித்த பிரிவையோ மீண்டும் பரிசீலியுங்கள், இன்ன திருத்தத்தைச் செய்வது விரும்பத்தக்கதா என்று பாருங்கள் என ஒரு செய்தியை இணைத்துச் சபைக்கே திருப்பி அனுப்பலாம். ‘சம்மதிக்க மாட்டேன்’ என்று எழுதிக் கோவையை மூடிவிடும் மூன்றாவது வழி இந்தக் கட்டத்தில் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

திருப்பி அனுப்பப்பட்டதைச் சபை மீண்டும் ஆராய வேண்டும். ஆளுநர் சொன்ன திருத்தத்தை ஏற்றோ ஏற்காமலோ மறுபடியும் நிறைவேற்றி அவரிடம் சமர்ப்பிக்கலாம். ஏற்காமல் நிறைவேற்றுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று அந்த உறுப்புரை நிபந்தனை எதுவும் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் முறை வரும்போதும் ஆளுநருக்கு இரண்டு வழிகள்: சம்மதம் அளிப்பது, அல்லது, நியதிச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இல்லையா என்பதைத் தீர்மானிப்பதற்காக, ஜனாதிபதி அதனை உயர் நீதிமன்றத்துக்கு ஆற்றுப்படுத்தும் பொருட்டு ஒதுக்கிவைப்பது. இதற்கு, சபை இரண்டாம் முறை நிறைவேற்றிய நாளிலிருந்து ஒரு மாதம் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. அரசியலமைப்புக்கு இசைவானது என்று நீதிமன்றம் சொன்னால் ஆளுநர் சம்மதம் அளித்தே ஆக வேண்டும். முரணானது என்று சொன்னால் சம்மதத்தை நிறுத்திவைத்தே ஆக வேண்டும். அவருடைய சொந்த விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை.

ஆகவே மாமாவின் கேள்விக்கு முறையான விடை இதுதான்: ஒரு நியதிச்சட்டத்தின் கொள்கை தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைச் சாகடிக்கும் வீட்டோ இலங்கையின் மாகாண ஆளுநருக்கு எழுத்தில் இல்லை. அவர் ஒருமுறை கேள்வி கேட்கலாம், இரண்டாம் முறை நீதிமன்றத்தின் வாசலுக்கு அனுப்பலாம். கடைசி ‘இல்லை’ உயர் நீதிமன்றத்துக்கே உரியது. அதுவும் அரசியலமைப்பு முரண் என்ற ஒரே காரணத்தின் பேரில். பதின்மூன்றாவது திருத்தத்தின் குறைபாடுகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆயினும் இந்த ஒழுங்கு நன்றாக யோசித்து வரையப்பட்ட ஒன்று என்றே எனக்குப் படுகிறது.

இனி, நான் அன்று சொன்ன ‘ஓம்’ எந்த அளவுக்குச் சரி என்று பார்ப்போம். முதன்முறை நியதிச்சட்டம் வரும்போது ஆளுநர் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும்? திருப்பி அனுப்புவதானால் ‘இயன்றளவு விரைவாக’ அனுப்ப வேண்டும் என்ற பொருள்பட உறுப்புரை கூறுகிறது. பதினான்கு நாள் என்றோ முப்பது நாள் என்றோ எண்ணிக்கை இல்லை. அவர் சம்மதமும் தராமல், திருப்பியும் அனுப்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதில் விடை இல்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு மாதம் என்று குறித்திருக்கிறார்கள். அந்த மாதம் கழிந்தும் ஆளுநர் வாளாவிருந்தால் நியதிச்சட்டம் சம்மதம் பெற்றதாகக் கொள்ளப்படுமா என்பதை அங்கேயும் சொல்லவில்லை. முன்பள்ளி உதாரணத்துக்குத் திரும்பினால், கொட்டாஞ்சேனைப் பெற்றோர் காத்திருக்கிறார்கள், சபை காத்திருக்கிறது, கோவை மேசையில் இருக்கிறது. எவரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை, ஆனால் சட்டம் பிறக்கவும் இல்லை. மறுப்பதற்கு அதிகாரம் இல்லாத ஒருவருக்கு, எதையும் சொல்லாமல் இருப்பதே மறுப்புக்கு நிகரான பலனைத் தந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் துணிபு.

யாருடைய சொற்படி ஆளுநர் நடக்கிறார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும் வரையே அவர் அப்பதவியில் இருக்கலாம். முதலமைச்சரையும் நான்குக்கு மேற்படாத ஏனைய அமைச்சர்களையும் கொண்ட அமைச்சர் வாரியத்தின் ஆலோசனைப்படி ஆளுநர் நடக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அரசியலமைப்பு அவருடைய தற்றுணிபுக்கு, அதாவது சொந்த முடிவுக்கு, விட்டிருக்கும் விடயங்கள் இதற்கு விலக்கு. ஒரு விடயம் தற்றுணிபுக்குரியதா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் ஆளுநரின் தீர்மானமே முடிவானது; அந்தத் தற்றுணிபையும் அவர் ஜனாதிபதியின் பணிப்புரைப்படியே பிரயோகிக்க வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. எனவே மாகாணத்தில் ஒரு கோவை அசையாமல் கிடக்கும்போது அதன் காரணத்தைக் கொழும்பிலும் தேட வேண்டியிருப்பது வியப்பல்ல.

பணம் சம்பந்தப்பட்ட நியதிச்சட்டங்களில் நிலைமை இன்னும் கடினமானது. பொதுவாக எல்லோரும் ஆளுநரின் கையொப்பத்தைப் பற்றியே பேசுகிறோம், அது பின்வாசல். நிதி விடயத்தில் முன்வாசலிலும் அவர் நிற்கிறார். மாகாண சபைகள் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, வரி விதிப்பது, கடன் பெறுவது, மாகாண நிதியத்திலிருந்து பணத்தை ஒதுக்குவது முதலியவற்றுக்கான நியதிச்சட்டத்தை ஆளுநரின் விதப்புரை, அதாவது பரிந்துரை, இல்லாமல் சபையில் சமர்ப்பிக்கவே முடியாது. மாகாண நிதியத்துக்குச் செலவை ஏற்படுத்தும் நியதிச்சட்டத்தை அவ்விதப்புரை இல்லாமல் நிறைவேற்றவும் முடியாது. சம்மதம் தராமல் திருப்பி அனுப்பினால் ஒரு செய்தி வரும், சபை மறுபடி நிறைவேற்றும், நீதிமன்றம் பார்க்கும். அதற்கொரு வழி எழுதப்பட்டிருக்கிறது. விதப்புரை கிடைக்காவிட்டாலோ, திருப்பி அனுப்புவதற்கும் மறுபடி நிறைவேற்றுவதற்கும் சபையின் கையில் எதுவுமே இருக்காது. ஏதோ ஒரு வகையில் செலவில்லாத நியதிச்சட்டம் அரிது. நமது முன்பள்ளிச் சட்டத்துக்குக்கூடப் பதிவாளர் வேண்டும், அலுவலகம் வேண்டும், பரிசோதகர்களுக்குச் சம்பளம் வேண்டும். 2013 முதல் 2018 வரை இயங்கிய வட மாகாண சபையின் காலத்தில் முதலமைச்சர் நிதியம் அமைக்கும் முயற்சி ஆளுநர் மட்டத்தில் தடைப்பட்டு நின்றது பலருக்கு நினைவிருக்கும். உண்மையான வீட்டோ எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், 154எச்சை விடுத்து இந்த 24 ஆம் பிரிவையே காட்டுவேன்.

வேறிடங்களில் இந்தக் காத்திருப்பை எப்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நமது நிலையை விளங்கிக்கொள்ள உதவும். இப்பழக்கத்தின் மூலம் இங்கிலாந்தின் அரச சம்மதம். அங்கே பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒன்றுக்கு முடி கடைசியாகச் சம்மதம் மறுத்தது 1708 ஆம் ஆண்டில், ஆன் அரசியின் காலத்தில். அதன் பின்னர் அந்த அதிகாரம் அங்கே வழக்கொழிந்து போய்விட்டது. குடியேற்ற நாடுகளில் ஆளுநர்களின் கையில் அது தொடர்ந்து உயிரோடிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களின் ஆளுநர்களுக்கும் இன்று வீட்டோ உண்டு. கடைசியாக அதைப் பெற்றது வட கரோலைனா, 1996 இல். நாம் முதலில் மனதில் கொள்ள வேண்டிய வேறுபாடு, அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதாகும். மறுப்பதானால் அவர் பெயர் சொல்லி, காரணம் எழுதி மறுக்கிறார். அடுத்த தேர்தலில் அதற்காக மக்கள் முன் நிற்கிறார். அவர் மறுத்ததை மீறிச் சட்டமாக்கச் சட்டசபைக்கும் வழியுண்டு. பெரும்பாலான மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், சிலவற்றில் ஐந்தில் மூன்று; கென்டக்கி, டெனசி போன்றவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் சாதாரண பெரும்பான்மையே போதும்.

மௌனத்துக்கு அவர்கள் கொடுத்திருக்கும் பொருளே என்னை அதிகம் கவர்ந்தது. கலிபோர்னியாவில் கூட்டத்தொடர் நடக்கும்போது ஆளுநரிடம் வரும் சட்டமூலத்துக்கு 12 நாள் தவணை. கூட்டத்தொடர் முடிவில் குவிந்து வருபவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். அதற்குள் அவர் கையொப்பமிடவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், கையொப்பம் இல்லாமலே அது சட்டமாகிவிடும். நியூயோர்க்கில் கூட்டத்தொடர் நடக்கும் காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளை விடுத்துப் பத்து நாள். மௌனம் என்றால் சட்டம். ஆனால் சட்டசபை முடிவாகக் கலைந்த பின்னர் 30 நாளுக்குள் அவர் கையொப்பமிடாவிட்டால் சட்டமூலம் இறந்துபோகும். அதனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட வீட்டோ என்கிறார்கள். ஒரே மௌனம் ஓரிடத்தில் ‘ஆம்’, இன்னோரிடத்தில் ‘இல்லை’. எதுவாயினும் அது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது என்பதால், காத்திருப்பவருக்கு எந்த நாளில் விடை வரும் என்பது தெரியும். ‘இயன்றளவு விரைவாக’ என்ற சொற்களை நம்பியிருக்கும் நமக்கு அந்த நாள் தெரியாது.

வீட்டோ எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே நிதி ஒதுக்கும் சட்டமூலத்தில் சில சொற்களையும் இலக்கங்களையும் மட்டும் வெட்டிவிட்டு மிகுதிக்குக் கையொப்பமிட ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. 2023 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், மாணவர் ஒருவருக்கு 325 டொலர் கூடுதலாக வருமானம் திரட்டப் பாடசாலை மாவட்டங்களுக்கு அனுமதி ‘2023-24, 2024-25’ ஆகிய கல்வியாண்டுகளுக்கு என்று இருந்தது. ஆளுநர் டோனி எவர்ஸ் இடையிலிருந்த சொற்களையும், ‘20’ என்ற இலக்கத்தையும், ஒரு சிறு கோட்டையும் வெட்டினார். எஞ்சியது 2023 முதல் 2425 வரை என்று ஆயிற்று. இரண்டு ஆண்டுக்கான அனுமதி நானூறு ஆண்டுக்கும் மேற்பட்டதாக நீண்டது. வழக்கு நடந்தது, 2025 ஏப்ரலில் அம்மாநிலத்தின் அதியுயர்ந்த நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், ஆளுநரின் செயலை ஏற்றுக்கொண்டது. கல்விக்காகச் செய்யப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் மக்கள் பிரதிநிதிகள் ஒருபோதும் வாக்களிக்காத ஒரு சட்டத்தை ஒருவருடைய பேனா ஆக்கிவிட்டது என்பது மனதை உறுத்துகிறது.

மாமா பார்த்த தமிழகச் செய்திக்கு வருவோம். இந்திய அரசியலமைப்பின் 200 ஆம் உறுப்புரையில் ஆளுநர் ஒப்புதல் அளிக்கலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கலாம். நிதி மசோதா அல்லாததை ‘இயன்றளவு விரைவாக’ச் சபைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. நமது 154எச்சில் உள்ள சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது இதை வாசிக்கும்போதே புலப்படும். பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தையே பெரும்பாலும் தொட்ட 10 மசோதாக்களுக்கு 2023 நவம்பரில் தமிழக ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தார். சில நாள்களில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. அதன் பின்னர் அவற்றை அவர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள், அந்த ஒதுக்கல் சட்டத்துக்கு முரணானது என்றும், பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றும் தீர்ப்பளித்து, ஆளுநர் முடிவெடுப்பதற்குக் காலவரையறையும் வகுத்தார்கள்.

பலரும் செய்தியை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். தொடர்ச்சி உண்டு. குடியரசுத் தலைவர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 20 ஆம் திகதி ஐந்து நீதியரசர்கள் அமர்வு, அரசியலமைப்பில் இல்லாத காலவரையறையை நீதிமன்றம் விதிக்க முடியாது என்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்ற முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றும் கருத்துரைத்தது. அதேவேளை, ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைத்துவிட முடியாது என்றும், காரணம் சொல்லாமல் நீண்ட காலம் வாளாவிருந்தால், முடிவொன்றை எடுக்கும்படி நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் அது கூறியது. இன்ன முடிவை எடு என்று பணிக்க முடியாது, ஏதாவது ஒரு முடிவை எடு என்று மட்டும் பணிக்கலாம். எழுத்தில் காலத்தைக் குறிக்காமல் விட்ட ஒரு குறையை நீதிமன்றம் எந்த அளவுக்கு நிரப்பலாம் என்பதில் அந்த நாட்டு நீதியரசர்களே ஏழு மாத இடைவெளியில் வேறுபட்டு நின்றார்கள். நமது 154எச்சைத் திருத்தும் காலம் எப்போதாவது வந்தால், ‘இயன்றளவு விரைவாக’ என்ற இடத்தில் ஓர் எண்ணையும், அந்த எண் கடந்தால் என்ன ஆகும் என்ற ஒரு வாக்கியத்தையும் எழுதிவிட வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஆளுநரின் கையொப்பத்துக்கு இவ்வளவு கனம் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். 154ஜி உறுப்புரையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பந்தி இருக்கிறது. மாகாண சபை நிரலிலுள்ள ஒரு விடயத்தைப் பற்றி, பதின்மூன்றாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே நாட்டில் ஒரு சட்டம் இருந்து, அதே விடயத்தில் மாகாண சபை ஒரு நியதிச்சட்டம் ஆக்கி, அந்தச் சட்டத்துக்கு இது முரணானது என்று தனது நெடுந்தலைப்பிலேயே குறிப்பிட்டால், ஆளுநரின் சம்மதம் கிடைத்த நாள் முதல், அந்த நியதிச்சட்டம் நடைமுறையில் இருக்கும் வரை, பழைய சட்டம் அந்த மாகாணத்துக்குள் இடைநிறுத்தப்பட்டு வலுவிழந்திருக்கும். அந்தப் பேனா தாளைத் தொடும் நாளில், களனி ஆற்றங்கரையில் ஒரு சட்டமும் மகாவலிக் கரையில் வேறொரு சட்டமுமாக நாட்டின் சட்டப் படம் மாறலாம். ஒப்பமிடும் நாளை இவ்வளவு காத்திருந்து பார்ப்பதற்கு இது போதிய காரணம்.

ஆளுநரின் கை எவ்வளவு கனமானதாயினும், அது சபையின் கைக்கு ஈடாகாது. 2012 இல், சமுர்த்தி முதலிய அமைப்புகளை ஒரே திணைக்களமாக்கும் திவிநெகும சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது இது தெளிவாக்கப்பட்டது. மாகாண நிரலிலுள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் ஆக்க முனைந்தால், எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பி அவற்றின் கருத்தைப் பெற வேண்டும். வடக்கில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருக்கவில்லை. ஆளுநரே கருத்துத் தெரிவித்தார். சபையின் இடத்தில் நின்று அக்கருத்தைச் சொல்ல ஆளுநருக்கு முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

இன்று ஒன்பது மாகாணங்களிலும் நிலைமை அன்றைய வடக்கைப் போன்றது. சபைகளின் பதவிக்காலம் 2017 முதல் 2019 வரை ஒவ்வொன்றாக முடிந்துபோயிற்று. மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. இதை எழுதும் நாள்வரை புதிய தேர்தல் நடைபெறவில்லை. நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருப்பதால் மருத்துவமனைகளும் பாடசாலைகளும் அலுவலகங்களும் நடக்கின்றன. ஆனால் அவர் தனியாக நியதிச்சட்டம் ஆக்க முடியாது. சபை நிறைவேற்றினால்தான் அவர் கையொப்பமிட ஒன்று இருக்கும். ஆளுநர் கையொப்பமிடாமல் வைத்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட்ட எங்கள் மாமாவிடம், இப்போது அவருடைய மேசையில் வைத்திருப்பதற்கே எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு அவர் கேட்டது நியாயமான கேள்வி: சபை இல்லையென்றால், அது போட்ட வரியை இன்னும் ஏன் கட்டுகிறோம்? சபையின் பதவிக்காலம் முடிவதால் அது ஆக்கிய நியதிச்சட்டம் முடிந்துவிடுவதில்லை. 1990 இல் சபை நிறைவேற்றி, ஆளுநர் சம்மதம் கொடுத்த அந்த நிதி நியதிச்சட்டம் பிற்காலத் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புதுக்கடை நொத்தாரிசு இந்த வாரம் எழுதிக் காட்டும் 399,000 ரூபாயும் அதன்படிதான். அந்த வீதத்தைக் கூட்டவோ குறைக்கவோ நியதிச்சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் ஒரு சபை தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், பின்னர் அது வாக்களிக்க வேண்டும், அதன் பின்னர் மறுபடியும் அந்தக் கோவை ஆளுநரின் மேசைக்குப் போக வேண்டும்.